மழைக்கும் வளைவுக்கும் ஏற்ற ஆலை: கண்டி வீதிகளும் நடமாடும் காபட் கலவை ஆலைகளும்

(கண்டியில் ஆற்றிய பொது உரையின் அச்சு வடிவம்)



புதிதாகக் காபட் போட்ட வீதி அடுத்த மழைக்கே பெயர்ந்து வந்தால் நம் ஊரில் உடனே சொல்லப்படும் காரணம் ஒன்று: தார் காணாது, கொந்தராத்துக்காரர் அடித்துவிட்டார். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் தார் சரியான அளவில் இருந்தும் பாழாய்ப்போன வீதிகளை மலையகத்தில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றின் நோய் வீதியில் தொடங்கியதல்ல. அங்கிருந்து இருபது முப்பது கிலோமீற்றர் தள்ளி, ஒரு கல்குவாரிக்குப் பக்கத்தில், பொதுமக்கள் எட்டிப் பார்க்காத ஒரு கலவை ஆலையில் தொடங்கியது. இன்று அந்த ஆலையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். குறிப்பாக, வேலை இருக்கும் இடத்துக்கே கொண்டுபோகக்கூடிய நடமாடும் ஆலைகள் பற்றியும், அவற்றில் எந்த வகை கண்டிக்கும் சுற்றியுள்ள மலைகளுக்கும் பொருந்தும் என்பது பற்றியும்.

இந்தப் பேச்சுக்கு இப்போது அவசரமும் இருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டை உலுக்கியபோது மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. புயலுக்குச் சில நாட்கள் முன்னரே பஹல கடுகண்ணாவையில் மண்ணும் பாறையும் சரிந்து உயிர்கள் போயின. கொழும்பு - கண்டி வீதி மூடப்பட்டது. பிறகு வந்த மழையில் மலைச்சரிவுகள் எத்தனை பாதைகளை அறுத்தன என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இங்கே இருப்பவர்களில் பலர் அந்தப் பாதைகளில் நடந்து வந்தவர்கள். அவற்றையெல்லாம் திரும்பக் கட்டவேண்டிய காலம் இது. இப்படிப்பட்ட காலத்தில்தான் இயந்திரங்கள் அவசர அவசரமாக வாங்கப்படும். விற்பனைக் கையேட்டில் பெரிய எழுத்தில் இருப்பது 'மணிக்கு இத்தனை தொன்' என்ற ஒரே கணக்கு. அந்தக் கணக்கு கண்டியில் செல்லாது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இந்த மலைக்கு வீதி வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1820களில், ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், கொழும்பிலிருந்து கண்டிக்குப் பாதை வெட்டப்பட்டது. அந்தப் பாதையின் பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாகக் கடுகண்ணாவையில் எழுப்பப்பட்ட கோபுரத்தை நீங்கள் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்க்கிறீர்கள். அவருக்குப் பின் மேஜர் தோமஸ் ஸ்கின்னர் தீவு முழுவதும் வீதிகளை விரித்தார். முதலில் இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தில் வந்த கண்டிய மக்களின் உழைப்பு. 1832இல் அந்த முறை ஒழிக்கப்பட்ட பிறகு, போகப் போக, தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பு. 'பயனியர்' படை என்று பெயரிட்டு அவர்களைக் கல்லுடைக்கவும் மண் வெட்டவும் வைத்தார்கள். கோப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் போன பாதைகளில் அவர்கள் கைபடாத வளைவு குறைவு. அவர்களுக்குக் கோபுரம் எதுவும் இல்லை. வீதியைப் பற்றிப் பேசும் மேடையில் அவர்களை முதலில் நினைப்பது நம் கடமை.

தார் வந்த பிறகும் வேலை நெடுங்காலம் கையால்தான் நடந்தது. வீதியோரம் பீப்பாயை அடுப்பில் ஏற்றி, அடியில் விறகு மூட்டி, கொதித்த தாரை வாளியில் அள்ளிச் சல்லி மேல் ஊற்றுவார்கள். வயதில் மூத்தவர்களுக்கு அந்தப் புகையின் மணம் நினைவிருக்கும். ஒரு வகையில் அதுவும் நடமாடும் ஆலைதான். வேலை நகர நகர அடுப்பும் நகரும். அதன் குறை, சூட்டை அளக்க வழியில்லாதது. தார் கருகினால் அதன் பசை போய்விடும். கருகியதா இல்லையா என்பது ஊற்றுபவரின் கண்ணுக்கும் மூக்குக்கும் மட்டுமே தெரியும். இன்றைய காபட் வீதி இந்த அளவற்ற நிலையிலிருந்து விடுபட்டதால் வந்தது. சல்லியும் கல்தூசும் சரியான விகிதத்தில் சேர்ந்து, ஈரம் முழுவதும் போய், 160 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறி, நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் பிற்றுமின், அதாவது நாம் தார் என்று சொல்வது, பூசப்பட்டு வெளியே வரவேண்டும். ஆலையின் வேலை இவ்வளவுதான். இதை இரண்டு வழியில் செய்கிறார்கள்.

ஒன்று, ஒவ்வொரு தடவையும் நிறுத்து அளந்து கலக்கும் ஆலை. வேலைத்தளத்தில் 'பெச் பிளாண்ட்' என்பார்கள். கல் முதலில் சுழலும் உருளையில் காய்ந்து சூடாகிறது. பிறகு வாளிச் சங்கிலி அதை உச்சிக்கு ஏற்றுகிறது. அங்கே அதிரும் சல்லடைகள் பருமன் வாரியாகப் பிரித்து நான்கைந்து சூட்டுப் பெட்டிகளில் போடுகின்றன. கீழே தராசு. ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் வேண்டிய நிறை விழுகிறது. பிற்றுமின் தனித் தராசில் நிறுக்கப்பட்டு வருகிறது. இரட்டைத் தண்டில் துடுப்புகள் சுழலும் தொட்டியில் ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் கலந்து கீழே நிற்கும் டிப்பரில் கொட்டப்படுகிறது. பிறகு அடுத்த தடவை.

மற்றது, நிற்காமல் ஓடும் ஆலை. 'டிரம் மிக்ஸ்' என்று எல்லாரும் சொல்வது. இதில் சல்லடை இல்லை, சூட்டுப் பெட்டி இல்லை, துடுப்புத் தொட்டி இல்லை. குளிர்ந்த கல்லை ஓடும் பட்டியிலேயே நிறுத்து உருளைக்குள் விடுகிறார்கள். அதே உருளையின் ஒரு பாதியில் காய்கிறது, மறு பாதியில் பிற்றுமின் சேர்ந்து கலவையாகி வெளியேறுகிறது. பாகங்கள் குறைவு, விலை குறைவு, சக்கரத்தின் மேல் ஏற்றிக் கொண்டுபோவது எளிது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிந்திய ஆண்டுகளில் அமெரிக்காவில் இது வேகமாகப் பரவியது. நம் பக்கத்து நாட்டில் குஜராத்தின் மெஹ்சானா, அகமதாபாத் பகுதிகளில் இதைச் செய்யும் பட்டறைகள் நிறைய இருக்கின்றன. ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் கிராம வீதிகள் பலவற்றின் காபட் அங்கே செய்த உருளைகளில் கலந்ததுதான்.

டிரம் ஆலையிலும் இரண்டு சாதி உண்டு. பழைய வகையில் கல்லும் நெருப்பும் ஒரே திசையில் போகும். நெருப்பின் சூட்டுக்காற்று கடைசியில் பிற்றுமின் மேல் பட்டு அதன் எண்ணெய்ப் பசையை ஆவியாக்கி எடுத்துக்கொண்டு போகும். புகைபோக்கியில் நீலம் கலந்த புகை வந்தால் அதுதான் காரணம்; நாம் காசு கொடுத்து வாங்கிய பிற்றுமின் வானத்தில் போகிறது என்று பொருள். எதிர்த்திசை வகையில் கல் நெருப்பை நோக்கி வருகிறது. கலக்கும் இடம் நெருப்புக்குப் பின்னால், சூட்டுக்காற்று படாத பகுதியில் இருக்கிறது. எரிபொருளும் குறைவு, புகையும் குறைவு. புகைபோக்கியில் வெறும் வெள்ளை ஆவி மட்டும் எழுந்தால் அது கல்லிலிருந்து போகும் தண்ணீர்.

அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் நான் இன்று நீளமாகப் பேசவேண்டும்.

கண்டியில் தென்மேற்குப் பருவமும் மழை தரும். அதைவிட ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கொட்டும். இடைப்பருவத்தில் காலை வெயில், பிற்பகல் இடிமழை. ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் ஓரளவு காய்ந்த காலம். கல்குவாரியில் கொட்டிக்கிடக்கும் குவியல்களைப் போய்ப் பாருங்கள். பருமனான சல்லி மழை விட்டதும் தண்ணீரை வடியவிட்டுவிடும். அதில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைதான் ஈரம் நிற்கும். கல்தூசு அப்படியல்ல. ஒரு பிடி அள்ளிக் கையை மூடித் திறந்தால் உருண்டையாக அப்படியே நிற்கும். மழை நாளில் அதில் நூற்றுக்குப் பத்து வரை தண்ணீர் இருக்கும். மேல் தட்டுக் காபட்டில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் இந்தத் தூசுதான். ஆகவே மொத்தக் கல்லில் ஈரம் ஐந்து சதவீதம் ஆகிவிடுகிறது.

ஐந்து சதவீதம் என்றால் அற்பமாகத் தோன்றும். கணக்கைப் பாருங்கள். ஒரு தொன் உலர்ந்த கல்லை 25 பாகையிலிருந்து 160 பாகைக்கு ஏற்ற ஏறத்தாழ 120 மெகாயூல் வெப்பம் வேண்டும். அதே ஒரு தொன் கல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கும் 50 கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க 130 மெகாயூல் வேண்டும். கல்லைச் சூடாக்குவதைவிட, கல்லோடு வந்த தண்ணீரை விரட்டவே அதிகம் எரிக்கிறோம். ஒரு லீற்றர் டீசலில் இருப்பது சுமார் 36 மெகாயூல். வெப்பம் எள்ளளவும் வீணாகவில்லை என்று வைத்துக்கொண்டாலும் தண்ணீருக்காக மட்டும் தொன்னுக்கு மூன்றரை லீற்றர் போகிறது. ஒரு நாளில் 300 தொன் கலக்கும் ஆலை, மழைத் தண்ணீரைக் கொதிக்கவைக்க ஆயிரம் லீற்றருக்கு மேல் எரிக்கிறது. 2022இல் எரிபொருள் நிலையங்களில் நாட்கணக்கில் வரிசை நின்ற நாடு இது. டொலர் இல்லாமல் வீதி வேலைகள் பாதியில் நின்ற நாடு. ஆயிரம் லீற்றர் நமக்கு அற்பமல்ல.

எரிபொருளோடு விஷயம் முடிவதில்லை. உருளையால் ஒரு மணித்தியாலத்தில் இவ்வளவு தண்ணீரைத்தான் விரட்ட முடியும் என்ற எல்லை உண்டு. கையேட்டில் 'மணிக்கு 60 தொன்' என்று போட்டிருப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று சதவீத ஈரத்துக்கு எழுதப்பட்டது. ஈரம் ஆறு, ஏழு என்று ஏறும்போது அதே ஆலை 35, 40 தொன்னுக்கு இறங்கிவிடும். வீதியில் காபட் விரிக்கும் பேவர் இயந்திரம் காத்து நிற்கும், வாகனங்கள் இருபுறமும் நிற்கும், பொலிஸ்காரர் அவசரப்படுத்துவார். அந்த நெருக்குதலில் ஆலை இயக்குபவர் பட்டியின் வேகத்தைக் கூட்டிவிடுவார். அப்போது கல்லின் வெளிப்புறம் சூடாகி உள்ளே ஈரம் மிஞ்சுகிறது. பிற்றுமின் அதன் மேல் ஒட்டியது போலத் தெரியும். கறுப்பாக, பளபளப்பாக வீதிக்கு வரும். சில மாதங்களில் உள்ளே இருந்த ஈரமும் மேலே பெய்யும் மழையும் சேர்ந்து பிற்றுமினைக் கல்லிலிருந்து உரித்துவிடும். பள்ளத்தில் கிடக்கும் சல்லியை எடுத்துப் பாருங்கள். கழுவி வைத்தது போல வெள்ளையாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் நாம் 'தார் போடவில்லை' என்கிறோம்.

இந்த இடத்தில் இரண்டு வகை ஆலைகளுக்கும் உள்ள வேறுபாடு முக்கியமாகிறது. டிரம் ஆலை கல்லை ஈரத்தோடு நிறுக்கிறது. எவ்வளவு ஈரம் என்று மனிதர் சொல்லிக்கொடுத்த எண்ணைக் கழித்துவிட்டுப் பிற்றுமின் அளவைக் கணக்கிடுகிறது. காலையில் மூன்று என்று பதிந்து, பிற்பகல் மழைக்குப் பிறகு உண்மையில் ஆறாகிவிட்டால், ஐந்து சதவீதம் போடவேண்டிய பிற்றுமின் 5.14 ஆகிவிடும். பொதுவாக அனுமதிக்கப்படும் விலகல் 0.3 அளவில்தான், அதில் பாதியை இந்த ஒரு கவனக்குறைவே தின்றுவிடுகிறது. பெச் ஆலை உலர்ந்த, சூடான கல்லை நிறுக்கிறது. மழை பெய்தாலும் நிறை பொய் சொல்லாது. அதோடு சல்லடை இருப்பதால், குவாரியிலிருந்து வரும் சல்லி நாளுக்கு நாள் பருமனில் மாறினாலும் அது திரும்பப் பிரித்துச் சரிசெய்துகொள்ளும். கண்டியைச் சுற்றிப் பல சிறு குவாரிகளிலிருந்து கல் வாங்கும் நிலைமையில் இது பெரிய பாதுகாப்பு. டிரம் ஆலையில் உள்ளே போட்டதுதான் வெளியே வரும்.

ஈரத்தை அறிவதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டும் என்று யாரும் நினைக்கவேண்டாம். நல்ல ஆலைகளில் ஆய்வுகூட உதவியாளர் ஒருவர் காலையில் செய்யும் வேலையைச் சொல்கிறேன். குவியலின் மேற்பரப்பைத் தள்ளிவிட்டு, உள்ளேயிருந்து ஒரு கிலோ தூசு எடுப்பார். தட்டையான சட்டியில் கொட்டிக் காஸ் அடுப்பில் வைத்துக் கரண்டியால் கிளறுவார். முதலில் ஆவி எழும். பிறகு தூசின் நிறம் கருமையிலிருந்து சாம்பலாக மாறும். ஒரு கண்ணாடித் துண்டை மேலே பிடித்தால் பனி படியாது. அப்போது நிறுப்பார். 1000 கிராம் 940 ஆகியிருந்தால், உலர்ந்த நிறைக்கு ஈரம் 6.4 சதவீதம். அதை ஒரு கடதாசியில் எழுதி இயக்குபவரின் அறைக்குக் கொண்டுபோவார். எல்லாம் சேர்த்து அரைமணி நேரம்கூட ஆகாது. மழை விட்ட ஒவ்வொரு தடவையும் இதைத் திரும்பச் செய்யவேண்டும். செய்கிறார்களா என்பதுதான் கேள்வி.

ஆகவே கண்டியில் ஆலை வைக்க நினைப்பவருக்கு என் முதல் ஆலோசனை ஆலையைப் பற்றியதல்ல. கல்தூசுக் குவியலுக்குக் கூரை போடுங்கள். தரையைச் சரிவாகக் கொங்கிறீட் போட்டுத் தண்ணீர் பின்பக்கம் வடிய விடுங்கள். லோடர் முன்பக்கத்தின் உலர்ந்த பகுதியிலிருந்து அள்ளட்டும். தகரக் கூரையின் செலவை இரண்டு மழைக்காலத்து டீசல் மிச்சத்தோடு வைத்துக் கணக்குப் பாருங்கள். கோடிக்கணக்கில் இயந்திரம் இறக்குமதி செய்துவிட்டுத் தூசை வானம் பார்க்கக் கொட்டி வைப்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. ஈர அரிசியை வறுக்க யாராவது பெரிய அடுப்பு வாங்குவார்களா? அரிசியை அல்லவா காயவைப்பார்கள்.

இனி நடமாட்டம். விற்பவர்கள் 'நடமாடும்' என்று சொல்வதில் பல படிகள் இருக்கின்றன. ஒற்றைச் சட்டத்தில் உருளை, தூசுப் பெட்டிகள், இயக்குபவரின் அறை எல்லாம் ஏற்றப்பட்ட சிறு டிரம் ஆலை ஒரு முனை. வந்து நின்று ஓரிரு நாளில் கலக்கத் தொடங்கிவிடும். நான்கைந்து நீளமான இழுவைகளில் வரும் பெரிய பெச் ஆலை மறு முனை. அதை இறக்கி, தூக்கிப் பொருத்தி, அளவைகளைச் சரிபார்க்க வாரக்கணக்கு ஆகும், பாரந்தூக்கியும் வேண்டும். இரண்டுக்கும் நடுவே, கப்பல் கொள்கலன் அளவிலேயே ஒவ்வொரு பாகமும் செய்யப்பட்ட ஆலைகள் இருக்கின்றன. ஜேர்மனியில் தொடங்கிய லின்டெக் நிறுவனம் இதில் பெயர் பெற்றது. கொள்கலன் ஏறும் லொறி எதுவும் இதை ஏற்றும்.

மலைவீதியில் இந்த வித்தியாசம் உயிர்நாடி. கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் ஏ 26 வீதியில், உடதும்பரைக்கு அப்பால், பதினெட்டு வளைவு இறக்கம் இருக்கிறது. நீளமான இழுவை வண்டி ஒன்று அங்கே ஒரே திருப்பலில் திரும்பாது. பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை, ரம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ 5 வீதியும் அப்படித்தான். கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒரு பெரிய இழுவை நின்றுவிட்டால் கண்டிக்கே மூச்சு முட்டும். மேடுகளற்ற நாடுகளில் செய்யப்படும் மணிக்கு 300, 400 தொன் நடமாடும் ஆலைகளை நம் மலைக்கு யாராவது பரிந்துரைத்தால், அதன் மிக நீளமான பாகம் எத்தனை மீற்றர், மிகப் பாரமான பாகம் எத்தனை தொன், அது கடக்கவேண்டிய பாலங்கள் எவை என்று முதலில் கேளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது: தட்டையான நிலம். ஆலை, குவியல்கள், பிற்றுமின் தாங்கி, டிப்பர் திரும்ப இடம் எல்லாவற்றுக்கும் சமதரை வேண்டும். மலையகத்தில் சமதரை என்றால் வயல், அல்லது வெட்டிய சரிவு. வயலை நிரப்பினால் தண்ணீரின் வழி அடைபடும். சரிவை வெட்டினால் என்ன நடக்கும் என்பதை அந்த நவம்பர் நமக்குக் காட்டியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடங்களைப் பார்க்காமல் இந்த மாவட்டத்தில் எந்த ஆலைக்கும் இடம் வெட்டக்கூடாது. சிறிய இடத்தில் நிற்கும் ஆலைக்கு இங்கே தனி மதிப்பு உண்டு. விற்பனைக் கையேட்டில் அது கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

சரி, அருகில் கொண்டுபோக முடியாவிட்டால் தூரத்திலிருந்து ஏற்றிவரலாமே என்று கேட்பீர்கள். ஏற்றலாம்; ஆனால் கலவை ஆறிக்கொண்டே வரும். 150 பாகைக்கு மேல் டிப்பரில் ஏறிய கலவை படங்கு போட்டு மூடினாலும் ஓரங்களிலும் மேற்பரப்பிலும் ஆறி ஆடை கட்டும். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு 77 கிலோமீற்றர்தான். பாரம் ஏற்றிய டிப்பருக்கு அது மூன்று மணித்தியாலப் பயணம். மேலே 1,868 மீற்றர் உயரத்தில் குளிர்காற்று. ஐந்து சென்ரிமீற்றர் கனத்தில் விரித்த காபட் அந்தக் காற்றில் அரைமணிக்குள் றோலருக்கு இணங்காத அளவுக்கு இறுகிவிடும். றோலர் சரியாக அமுக்காத காபட்டில் காற்றிடைவெளி மிஞ்சும். அந்த இடைவெளியில் மழை புகும். ஆகவே கண்டி நகரத்தை அண்டிய ஆலை ஒன்று குண்டசாலை, கட்டுகஸ்தோட்டை, பேராதனை, கம்பளை வரை நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம். வளைவுகளுக்கு அப்பால் உள்ள ஊர்களுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். குறைந்த சூட்டில் கலக்கும் முறைகள் இப்போது உலகெங்கும் வந்துவிட்டன. பிற்றுமினை நுரைக்கச் செய்தோ சில சேர்க்கைகள் இட்டோ 20, 30 பாகை குறைவாகவே கலந்து விரிக்கிறார்கள். அதே முறையில் வழக்கமான சூட்டில் கலந்து அனுப்பினால் கூடுதல் தூரம் போகும் அவகாசம் கிடைக்கிறது. மலைக்கு இது பொருத்தமானது என்பது என் உறுதியான எண்ணம்.

டிப்பரில் ஏற்றும் விதத்தையும் சொல்லவேண்டும், ஏனென்றால் இது காசில்லாமல் திருத்தக்கூடியது. தொட்டியின் நடுவில் ஒரே குவியலாகக் கொட்டினால் பெரிய சல்லி உருண்டு ஓரத்துக்குப் போய்விடும். வீதியில் அது சொரசொரத்த திட்டுகளாகத் தெரியும். தேர்ந்த சாரதி தன் வண்டியை மூன்று தடவை நகர்த்துவார். முதல் குவியல் தொட்டியின் முன்பக்கம், இரண்டாவது பின்கதவருகே, மூன்றாவது நடுவில். கலவை ஒட்டாமலிருக்கத் தொட்டியில் டீசல் தடவும் பழக்கம் இன்னும் போகவில்லை. டீசல் பிற்றுமினைக் கரைக்கும். எங்கே டீசல் தேங்கியதோ அங்கே காபட் இளகிப் பெயரும்.

நம் கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண்டி நிற்பது மிகப் பழைய உருமாற்றப் பாறைகளின் மேல். நைஸ், சார்னோகைட், இடையிடையே படிகச் சுண்ணாம்புக்கல். வீதிக்கு உடைக்கும் கருங்கல் உறுதியில் குறைந்ததல்ல. ஆனால் படிகக்கல், அதாவது சிலிக்கா, மிகுந்த பாறைக்குப் பிற்றுமினைவிடத் தண்ணீரோடு உறவு அதிகம். தண்ணீர் புகுந்தால் பிற்றுமினை விலக்கிவிட்டுத் தான் ஒட்டிக்கொள்ளும். சுண்ணாம்பு வகைக் கல் அதற்கு எதிர், பிற்றுமினை விடாது. திகணைப் பக்கம் டொலமைட் இருக்கிறது. தோட்டங்களுக்குப் போடும் அதே டொலமைட். அதன் மாவையோ நீற்றிய சுண்ணாம்பையோ நிரப்பித் தூளாக நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கு சேர்த்தால் உரிவது குறையும். இதை ஒழுங்காக நிறுத்துப் போடும் வசதி பெச் ஆலையில் இயல்பாக இருக்கிறது. சிறு டிரம் ஆலைகள் பலவற்றில் தூளை விடத் தனிக் குழாயே இல்லை, இருந்தாலும் காற்றோடு போய்விடுகிறது. வாங்கும்போது கேட்டுப் பெறவேண்டிய பாகம் அது.

தூசும் புகையும் பற்றிக் கண்டி மக்களுக்குத் தனிக் கவலை இருக்கவேண்டும். நகரம் மலைகளுக்கு நடுவே குழிவில் கிடக்கிறது. காற்று அசையாத காலைகளில் பஸ் புகையே போக இடமில்லாமல் நிற்கிறது. ஆலை என்றால் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேண்டும்; மத்திய சுற்றாடல் அதிகார சபையின் நிபந்தனைகள் உண்டு. தண்ணீர் தெளித்துத் தூசை அடக்கும் முறை மலிவு. ஆனால் அதில் வரும் சேறு எங்கே போகிறது? மழை நாளில் சேறு தேங்கும் குளம் நிரம்பி ஓடையில் இறங்கி மகாவலிக்குப் போகும். துணிப்பை வடிகட்டி விலை கூடியது; ஆனால் பிடித்த தூசை உலர்ந்த மாவாகவே கலவைக்குத் திருப்பிக் கொடுக்கிறது, தண்ணீரும் கேட்பதில்லை. நகரத்துக்கு ஐந்தாறு கிலோமீற்றருக்குள் வைக்கும் ஆலைக்குத் துணிப்பை வடிகட்டி இல்லாமல் அனுமதி கொடுக்கவே கூடாது.

ஆலையில் வேலை செய்பவர்களையும் மறக்கக்கூடாது. சூடான பிற்றுமின் தாங்கிக்குள் சிறிது தண்ணீர் புகுந்தால் போதும். அது ஆவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் பெருத்து, தாங்கி பொங்கி வழியும். மழையில் திறந்து கிடந்த பீப்பாய்களை அப்படியே உருக்கும் இடங்களில் இந்த ஆபத்து எப்போதும் இருக்கிறது. தோலில் பிற்றுமின் பட்டால் உடனே குளிர்ந்த தண்ணீரில் நெடுநேரம் பிடிக்கவேண்டும். பிய்த்து எடுக்கக்கூடாது, பெற்றோல் தடவக்கூடாது, அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். காபட் விரிக்கும் கூட்டத்தில் றப்பர்ச் செருப்போடு நிற்கும் நம் பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சப்பாத்து வாங்கிக் கொடுக்காத கொந்தராத்துக்காரருக்கு வீதி வேலை கொடுக்கக்கூடாது என்று நான் எங்கும் சொல்வேன்.

இப்போது என் தீர்ப்பு. மீரிகமையிலிருந்து குருணாகல் வரை 2022 ஜனவரியில் திறந்த மத்திய அதிவேக வீதி போன்ற வேலைக்குப் பெரிய ஆலைகள் பொருந்தும். ஒரே கலவை, நேரான நீளம், நிற்காத ஓட்டம். பொத்துஹெரவிலிருந்து கலகெதர வரையான பகுதி முழுமையாக நடக்கும்போது அங்கும் அப்படியே. கண்டியின் உள்வீதிகள் வேறு. காலையில் மாநகர சபைக்கு இருபது தொன் ஒட்டுவேலைக் கலவை, பத்து மணிக்கு மாகாண வீதிக்கு மேல் தட்டுக் கலவை, பிற்பகல் இன்னொருவருக்கு அடித்தட்டுக் கலவை, நடுவில் மழை. அடிக்கடி நிறுத்தித் தொடங்கும் இந்த வேலைக்கு டிரம் ஆலை ஒத்துவராது. ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் உருளைக்குள் மிஞ்சுவது வீண். ஆகவே திகணை, பல்லேகலைப் பக்கம், குவாரிக்கும் டொலமைட்டுக்கும் அருகே, மணிக்கு 80 தொன் அளவில், கொள்கலன் அளவுப் பாகங்களாகக் கழற்றி மாற்றக்கூடிய பெச் ஆலை ஒன்று நிலையாக நிற்கட்டும். வளைவுகளுக்கு அப்பால், உடதும்பரைக்குக் கீழேயும் ரம்பொடைக்கு மேலேயும், காய்ந்த மாதங்களில் மட்டும், ஒற்றைச் சட்டத்தில் வரும் சிறிய எதிர்த்திசை டிரம் ஆலை போய் வேலை முடித்துத் திரும்பட்டும். பழைய காபட்டைச் சுரண்டி எடுத்து மீண்டும் கலக்கும் வசதி இரண்டிலும் இருக்கட்டும். அதில் உள்ள பிற்றுமின் நாம் ஏற்கெனவே டொலர் கொடுத்து வாங்கியது.

2014இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் தொடங்கிய 'ஐ றோட்' திட்டம் கிராமங்களுக்குக் காபட் கொண்டுவந்தது; அதில் வீதியைப் போட்டவரே சில ஆண்டுகள் பராமரிக்கவும் வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது. அது சரியான வழி. ஆனால் பராமரிப்புக்குக் காத்திருக்காமல், கலவை வெளியே வரும் நாளிலேயே பிடிக்கலாம். வீதி அபிவிருத்தி அதிகார சபையும் மாகாண வீதித் திணைக்களமும் விடும் கேள்விமனுக்களில் ஆலையின் கொள்ளளவைக் கேட்கிறார்கள். அதோடு மூன்று வரிகள் சேர்க்கட்டும். கல்தூசுக்குக் கூரை இருக்கவேண்டும் என்பது முதல் வரி. அதற்குத் தனி விலை நிரலும் கொடுக்கட்டும், இல்லையென்றால் குறைந்த விலைக்கு ஓடுபவர் அதைத்தான் முதலில் வெட்டுவார். இரண்டாவது, ஆலையின் கொள்ளளவை ஆறு சதவீத ஈரத்துக்கு எழுதித் தரவேண்டும். மூன்றாவது, ஈர அளவை ஏட்டில் ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பதிந்து, மேற்பார்வைத் தொழில்நுட்ப அலுவலர் கையொப்பமிட்ட பிரதியைப் பில்லோடு இணைக்கவேண்டும். அந்தப் பிரதி இல்லாத பில்லுக்குக் காசு கொடுக்கக்கூடாது. உங்கள் பிரதேச சபை உறுப்பினர் அடுத்த தடவை புது வீதி திறக்க வரும்போது, நாடா வெட்டுவதற்கு முன் அந்த ஏட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.